கம்பாசிட்டர் இல்லாத அச்சகம்

லினக்ஸில் பேக்கேஜ் கட்டும் இளைஞர்களைக் கடைசிப் படியில் தடுக்கிவிடுவது பெரும்பாலும் அவர்கள் எழுதிய நிரல் அல்ல. யாரும் நிறுவ நினைக்காத ஓர் அச்சுக்கோப்பு மென்பொருள்.

இரவு பதினொரு மணி. ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறையின் கம்ப்யூட்டர் அறை. கொல்கத்தாவாக இருக்கலாம், புனேயாக இருக்கலாம், கோவையாகவும் இருக்கலாம், காட்சி மாறாது. மழையளவுக் கணக்குகளுக்காகப் பல மாதங்களாக எழுதிய நிரல்களை ஒரே பேக்கேஜாகக் கட்டி, ‘ஆர்’ மொழியின் சோதனைக்கு அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார் ஓர் ஆராய்ச்சி மாணவி. தீர்ப்பு வரி வரியாக வருகிறது. கோப்புப் பெயர்கள்: ஓகே. சார்புகள்: ஓகே. எடுத்துக்காட்டுகள்: ஓகே. ஐம்பது, அறுபது ஓகேக்களுக்குப் பிறகு, அநேகமாக எல்லாம் முடிந்துவிட்டது என்று நாற்காலியைப் பின்னால் தள்ளும் நேரத்தில் அந்த வரி வருகிறது. கையேட்டின் பிடிஎஃப் வடிவம்: எச்சரிக்கை. அடுத்த வரி: பிழை.

கூடவே ஆங்கிலத்தில் ஒரு விளக்கமும் உண்டு. இது வழக்கமாக உங்கள் உதவிப் பக்கங்களில் உள்ள கோளாறைக் குறிக்கும் என்கிறது அது. மாணவி நம்புகிறார். இத்தனை நேரம் சரியாகப் பேசிய இயந்திரத்தை நம்பாமல் என்ன செய்வது? தான் எழுதிய உதவிப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து அடைப்புக்குறிகளை எண்ணத் தொடங்குகிறார். ஒரு பத்தியை மாற்றுகிறார், மறுபடி ஓட்டுகிறார். அதே பிழை. ஒரு சமன்பாட்டை நீக்குகிறார். அதே பிழை. இரவு இரண்டு மணிக்குப் பாதிப் பக்கங்கள் காலி.

அவர் எழுதியதில் குற்றமே இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் அச்சுக்கோப்பவர் இல்லை, அவ்வளவுதான். நிரல் எழுதும் ஒருவருக்கு அச்சுக்கோப்பவர் எதற்கு என்ற கேள்வி எழுவது நியாயம். அதற்கான பதில் இரண்டு பேராசிரியர்களிடமும் அவர்கள் எதிர்பார்க்காத ஒரு மூன்றாவது பேராசிரியரிடமும் இருக்கிறது.

இரண்டு பேர் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில், மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்றுத்தர இவர்கள் உருவாக்கிய மொழிதான் ஆர். இருவரின் பெயரின் முதல் எழுத்தும் ஆர். மொழிக்கும் அதுவே பெயராயிற்று. 2000 பிப்ரவரி 29 அன்று அதன் 1.0.0 பதிப்பு வெளிவந்தது. இலவசம், யாரும் பிரித்துப் பார்க்கலாம், யாரும் சேர்க்கலாம். உலகெங்கும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் எழுதிச் சேர்த்த பேக்கேஜ்கள் ‘க்ரான்’ என்ற பொதுக் கிடங்கில் இன்று 20,000க்கும் மேல் குவிந்திருக்கின்றன. விலை உயர்ந்த புள்ளியியல் மென்பொருளை வாங்க வழியில்லாத இந்தியக் கல்லூரிகளுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

இந்தக் கிடங்குக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பேக்கேஜில் மற்றவர்கள் பயன்படுத்தத் திறந்துவிடும் ஒவ்வொரு சார்புக்கும் ஓர் உதவிப் பக்கம் எழுதியாக வேண்டும். அது என்ன செய்யும், என்ன கொடுத்தால் என்ன திரும்ப வரும், எடுத்துக்காட்டு என்ன? எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். இந்தப் பக்கங்களை அகரவரிசையில் அடுக்கி, தலைப்பும் அட்டவணையும் சேர்த்து, அச்சடித்த புத்தகம் போன்ற ஒரு கையேட்டை ஆர் தானே தயாரித்துப் பார்க்கும். சோதனையின் கடைசிக் கட்டம் அதுதான். நிரல் ஓடினால் போதாது, அதன் புத்தகமும் அச்சாக வேண்டும்.

ஆனால் ஆருக்கு அச்சுக்கோக்கத் தெரியாது. அந்த வேலையை அது மூன்றாவது பேராசிரியரிடம் ஒப்படைத்துவிட்டது.

அவர் டொனால்ட் நூத். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்தவர். அவருடைய ‘கம்ப்யூட்டர் நிரலாக்கக் கலை’ வரிசையின் முதல் மூன்று தொகுதிகள் ஈய எழுத்தை உருக்கி வார்க்கும் பழைய முறையில் அழகாக அச்சானவை. 1977இல் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கு வந்த புரூஃப்களைப் பார்த்து அவர் நொந்துபோனார். ஈயம் போய் ஒளி அச்சுக்கோப்பு வந்திருந்தது. எழுத்துகள் அவலட்சணமாக இருந்தன. வேறு யாராக இருந்தாலும் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பார்கள். நூத் தானே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருள் எழுத உட்கார்ந்துவிட்டார். சில மாதங்களில் முடியும் என்று நினைத்த வேலை ஏறக்குறைய பத்தாண்டுகளை விழுங்கியது. புத்தக வரிசையின் நான்காம் தொகுதிக்காகக் காத்திருந்தவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் ‘டெக்’. ஆங்கிலத்தில் டி, இ, எக்ஸ் என்று மூன்று எழுத்து. எக்ஸாகத் தெரிவது உண்மையில் ‘கை’ என்ற கிரேக்க எழுத்து. எனவே டெக்ஸ் என்று சொல்லாதீர்கள் என்பது அதைப் படைத்தவரின் வேண்டுகோள். (நம் ஊரில் பாதிப் பேர் டெக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். மென்பொருள் கோபித்துக்கொள்வதில்லை.) வரியை எங்கே உடைப்பது, சொற்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது, வர்க்கமூலக் குறியின் கூரை எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் அனுபவமுள்ள கம்பாசிட்டரைப் போல அதுவே தீர்மானிக்கும். 1990இல் இனி புதிய வசதிகள் சேர்ப்பதில்லை என்று நூத் கதவைச் சாத்தினார். பிழை திருத்தம் மட்டும் நடக்கிறது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண் பை என்ற விகிதத்தை நோக்கி ஓர் இலக்கம் நகரும். 2021இல் அது 3.141592653ஐத் தொட்டது. பிழை கண்டுபிடித்தவர்களுக்கு நூத் எழுதிக் கொடுத்த காசோலைகளில் பலவும் வங்கிக்குப் போகவில்லை, சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்பட்டன.

டெக்கை அப்படியே கையாள்வது கடினம். 1980களில் லெஸ்லி லாம்போர்ட் அதன் மேல் ‘லேட்டெக்’ என்ற எளிய அடுக்கைக் கட்டினார். செக் நாட்டின் புர்னோ நகரில் படித்த வியட்நாமியரான ஹான் தே தாங், அதே உரையிலிருந்து நேராக பிடிஎஃப் எடுக்கும் வழியைச் செய்தார். இரண்டும் சேர்ந்ததுதான் ‘பிடிஎஃப்லேட்டெக்’ என்ற கட்டளை. நம் மாணவியின் கம்ப்யூட்டரில் ஆர் கூப்பிட்டுப் பார்த்ததும், பதில் வராமல் போனதும் இதனிடமிருந்துதான்.

ஏன் இல்லை? ஆரை நிறுவியபோதே இதுவும் வந்திருக்க வேண்டாமா?

இங்கேதான் லினக்ஸ் விநியோகங்களின் வீட்டுக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். டெக் என்பது இன்று ஒரு மென்பொருள் அல்ல, ஒரு பண்டகசாலை. உலகெங்கும் உள்ளவர்கள் நாற்பது ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த எழுத்துருக்கள், பாணிக் கோப்புகள், சதுரங்கப் பலகையிலிருந்து இசைக்குறிப்புவரை வரையும் கருவிகள் என்று ஆயிரக்கணக்கான சிறு பேக்கேஜ்கள். ஒரு காலத்தில் தாமஸ் எஸ்ஸர் என்ற ஒருவர் இதைச் சுருக்கி ‘டீடெக்’ என்று லினக்ஸுக்குக் கட்டிக் கொடுத்துவந்தார். 2006இல் அவர் போதும் என்று நிறுத்திக்கொண்டார். அந்த இடத்துக்கு வந்தது, 1996இலிருந்து குறுந்தகட்டில் வெளிவந்துகொண்டிருந்த ‘டெக் லைவ்’. முழுதாக இறக்கினால் பல ஜிகாபைட்.

இவ்வளவையும் ஒரே மூட்டையாக யார் தலையிலும் ஏற்ற முடியாது. எனவே டெபியனும் அதன் வழிவந்த உபுண்டுவும் டெக் லைவை வெட்டித் துண்டு துண்டாக வைத்திருக்கின்றன. அடிப்படை ஒரு துண்டு, லேட்டெக் ஒரு துண்டு, சிபாரிசு எழுத்துருக்கள் ஒரு துண்டு, கூடுதல் எழுத்துருக்கள் இன்னொன்று. ஒரு மென்பொருளை நிறுவும்போது அதற்குத் தேவையான மற்றவற்றை மூன்று தரமாகப் பிரிக்கின்றன. இல்லாவிட்டால் ஓடாது என்பவை ‘சார்ந்தவை’. இருந்தால் நல்லது என்பவை ‘சிபாரிசு’. சும்மா சொல்லிவைப்பவை ‘யோசனை’. முதலிரண்டு தரத்தையும் நிறுவும் கருவி கேட்காமலே கொண்டுவந்து சேர்க்கும். மூன்றாவது தரம், வாயால் மட்டும் அழைத்த தூரத்து உறவு. வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

டெபியனில் ஆரின் மூலப் பேக்கேஜ் டெக் லைவின் துண்டுகளைக் குறிப்பிடுவது மூன்றாவது தரத்தில். ஆகவே அவை வருவதில்லை.

முடிவு தவறென்று சொல்ல முடியாது. ஆர் பயன்படுத்துபவர்களில் பலர் சராசரியும் வரைபடமும் போட்டுவிட்டுப் போகிறவர்கள். அவர்களுக்கு நூற்றுக்கணக்கான மெகாபைட் அச்சுக்கூடம் எதற்கு? தவறு வேறிடத்தில் இருக்கிறது. பேக்கேஜ் கட்டத் தொடங்கும் நாளில் உனக்கு அச்சுக்கோப்பவர் தேவைப்படுவார் என்று யாரும் சொல்வதில்லை. கடைசியில் இல்லை என்று தெரியும்போதும் இயந்திரம் விரல் நீட்டுவது எழுதியவரை நோக்கி. இத்தனைக்கும் உண்மையான காரணம் அதே திரையில்தான் இருக்கிறது. ஆர் தன் வேலையை இன்னொரு முறை மறைப்பில்லாமல் ஓட்டும்போது, ‘ம்ம்... பேக்கேஜ் போலத் தெரிகிறது’ என்று மனிதரைப் போல முனகிவிட்டு, சில வரிகள் தள்ளி ‘பிடிஎஃப்லேட்டெக் கிடைக்கவில்லை’ என்று சொல்லும். பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் கொஞ்சம் மாறலாம். ஆனால் முதல் குற்றச்சாட்டைப் படித்ததுமே பலரும் திரையை விட்டுக் கண்ணை எடுத்துவிடுகிறார்கள்.

எனவே உதவிப் பக்கத்தில் கை வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கம்பாசிட்டர் வேலைக்கு வந்திருக்கிறாரா? டெர்மினலில் பிடிஎஃப்லேட்டெக் என்று தட்டி, இரண்டு கோடு போட்டு வெர்ஷன் என்று சேர்த்தால் போதும். பதிப்பு எண் வந்தால் ஆள் இருக்கிறார். அப்படியொரு கட்டளை இல்லை என்று வந்தால், டெபியன் குடும்பத்தில் ‘டெக்லைவ்-லேட்டெக்-பேஸ்’, ‘டெக்லைவ்-ஃபாண்ட்ஸ்-ரெகமெண்டட்’ ஆகிய துண்டுகளையும் ‘டெக்இன்ஃபோ’வையும் வழக்கமான ‘ஆப்ட்’ கட்டளையால் நிறுவ வேண்டும். (தட்டும்போது டெக்கின் கடைசி எழுத்து எக்ஸ்தான், இங்கே மட்டும் உச்சரிப்பைப் பார்க்கக் கூடாது.)

பலருக்கு இதற்குப் பிறகுதான் இரண்டாவது அடி விழும். ஆள் வந்துவிட்டார், பிழை போகவில்லை. பழைய அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கம்பாசிட்டர் இருந்து என்ன பயன், கேஸில் எழுத்து இல்லாவிட்டால்?

ஆரின் கையேட்டில் விளக்கவுரைக்கு டைம்ஸ் எழுத்துரு. நிரல் வரிகளுக்கு ‘இன்கன்சொலாட்டா’ என்ற, எல்லா எழுத்தும் ஒரே அகலம் கொண்ட எழுத்துரு. ராஃப் லெவியன் வடிவமைத்தது, கண்ணுக்கு இதமானது. அதை லேட்டெக்குக்கு அறிமுகப்படுத்தும் சிறு பாணிக் கோப்பு, டெபியனின் வெட்டலில் போய்ச் சேர்ந்தது ‘கூடுதல் எழுத்துருக்கள்’ என்ற துண்டில். அந்தத் துண்டுதான் இருப்பதிலேயே கனமான மூட்டைகளில் ஒன்று. சில கிலோபைட் கோப்பு ஒன்றுக்காக நூற்றுக்கணக்கான மெகாபைட். விடுதியின் வைஃபையைப் பத்துப் பேர் பங்குபோடும் இரவில் இது சின்ன விஷயமல்ல.

இதற்குப் பயந்துதான் சிலர் இணையத்தில் அகப்பட்ட முதல் யோசனையைப் பிடித்துக்கொண்டு டெக் லைவ் முழுவதையும் இறக்கத் தொடங்குகிறார்கள். வேலை நடக்கும் என்பது உண்மை. ஒரு பல் சக்கரத்துக்காகக் கடிகாரக் கடையையே வாங்குவது என்பதும் உண்மை. காணாமல்போன கோப்பின் பெயரைக் கண்டுபிடித்து, அது எந்தத் துண்டில் இருக்கிறது என்று கேட்டு, அதை மட்டும் கொண்டுவருவதே முறை. சோதனை முடிந்ததும் பேக்கேஜின் பெயரோடு ‘ஆர்செக்’ என்று முடியும் ஓர் அடைவு கிடைக்கும். அதிலுள்ள லாக் கோப்பைத் திறந்து, ஆச்சரியக்குறியில் தொடங்கும் வரியைத் தேட வேண்டும். டெக் தன் புகாரை எப்போதும் ஆச்சரியக்குறியோடுதான் சொல்லும். இன்ன கோப்பு காணவில்லை என்று பெயரோடு இருக்கும். ‘ஆப்ட்-ஃபைல்’ என்ற கருவியிடம் அந்தப் பெயரைக் கொடுத்தால், எந்தத் துண்டு என்று சொல்லிவிடும். ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று பார்க்க ‘கேபிஎஸ்இவிச்’. அது பதில் சொல்லாமல் மௌனம் சாதித்தால் கோப்பு இல்லை என்று பொருள்.

ஃபெடோரா விநியோகம் இந்த விஷயத்தில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. டெக் லைவை அது பெரிய துண்டுகளாக வெட்டாமல் பொடிப்பொடியாக வைத்திருக்கிறது. பேக்கேஜின் பெயர் தெரிய வேண்டியதுகூட இல்லை. ‘டெக்’ என்று எழுதி அடைப்புக்குறிக்குள் காணாமல்போன கோப்பின் பெயரைக் கொடுத்தாலே நிறுவும் கருவி சரியான பொட்டலத்தை எடுத்து வரும். டெபியன்காரர்கள் இதைப் பொறாமையோடு பார்ப்பதுண்டு.

கூடுதல் எழுத்துரு மூட்டையை இறக்க வழியே இல்லை என்றால் ஒரு சின்ன சமரசம் உண்டு. கையேட்டுக்கு எந்தெந்த எழுத்துரு வேண்டும் என்பதை ஆர் ஒரு சூழல் மாறியில் வைத்திருக்கிறது: ஆர், அடிக்கோடு, ஆர்டி4பிடிஎஃப். அதன் மதிப்பிலிருந்து இன்கன்சொலாட்டாவை மட்டும் எடுத்துவிட்டு டைம்ஸையும் ஹைப்பரையும் விட்டுவைத்தால், நிரல் வரிகள் வேறு எழுத்தில் அச்சாகும். அழகு கொஞ்சம் குறையும். சோதனை நேர்மையாக நடக்கும்.

இதெல்லாம் சொந்தக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு. துறையின் ஆய்வுக்கூடத்தில் நிர்வாகி கடவுச்சொல் ஒருவரிடம்தான் இருக்கும். அவர் வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது தேர்வுப் பணியில் இருப்பார். மாணவர்கள் எதையும் நிறுவ முடியாது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதி மட்டும் யாருக்காகவும் காத்திருக்காது.

இந்த நெருக்கடியை நன்றாகப் புரிந்துகொண்டு செய்யப்பட்டது ‘டைனிடெக்’. ஆர் உலகில் ‘நிட்டர்’ என்ற பேக்கேஜால் பெயர் பெற்ற யீஹுவெய் ஷியே உருவாக்கியது. டெக் லைவையே எடுத்து, பெரும்பாலோருக்குத் தேவைப்படாததைக் கழித்துக் கட்டிய சிறு உருவம். பயனரின் சொந்த அடைவிலேயே குடியேறும். நிர்வாகியின் அனுமதி வேண்டாம். ஆருக்குள்ளிருந்தே ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். பிறகு தேவைப்படும் எழுத்துருவை டெக் லைவின் சொந்த நிர்வாகியான ‘டிஎல்எம்ஜிஆர்’ மூலம் பெயர் சொல்லிக் கேட்டால், அந்த ஒன்று மட்டும் வரும். இன்கன்சொலாட்டா வேண்டுமா, அதற்கு மட்டும் சில வினாடிகள். மூட்டை இல்லை.

இதிலும் பள்ளங்கள் உண்டு. நிறுவியதும் அதே டெர்மினலில் தேடினால் கிடைக்காது என்று சிலர் பதறுகிறார்கள். கட்டளைகளைத் தேடும் பாதையில் புதிய அடைவு சேர, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வர வேண்டியிருக்கும். டெர்மினலில் சரியாக ஓடி, மேசையின் ஐகானைச் சொடுக்கித் திறந்த ஆர்ஸ்டுடியோவில் மட்டும் கிடைக்காமல் போவதும் இதே பாதைத் தகராறுதான். இன்னொரு பள்ளம் இன்னும் ஆழமானது. விநியோகத்தின் டெக் லைவும் டைனிடெக்கும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால், ஒன்றில் எழுத்துருவை நிறுவிவிட்டு மற்றொன்றை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டு அச்சகத்துக்கு ஒரே வாசல். எந்தப் பிடிஎஃப்லேட்டெக் பதில் சொல்கிறது என்பதை ‘விச்’ கட்டளையால் முதலில் பார்த்துவிடுவது தலைவலியை மிச்சப்படுத்தும். டெக் லைவ் ஆண்டுதோறும் புதிதாக வெளிவரும். பழைய ஆண்டின் நிர்வாகி புதிய ஆண்டின் கிடங்கோடு பேச மறுத்து, உன்னுடையது பழையது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடும். அப்போது டைனிடெக்கை அழித்துப் புதிதாகப் போடுவதே சுருக்கமான வழி.

இத்தனை அலைச்சலையும் ஒரே சொல்லில் தவிர்க்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அதுதான் ஆபத்தானதும்கூட. சோதனைக் கட்டளையோடு ‘நோ-மேனுவல்’ என்று சேர்த்துவிட்டால் கையேடு கட்டும் கட்டத்தையே ஆர் தாண்டிவிடும். எச்சரிக்கை இல்லை, பிழை இல்லை, எல்லாம் ஓகே. கட்டாயம் தேவைப்படும் சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. ஒரு நாளில் இருபது முறை சோதிக்கும்போது ஒவ்வொரு முறையும் புத்தகம் அச்சடிக்க வேண்டியதில்லை. ஆனால் அச்சுக்கோப்பவர் இல்லை என்பதற்காகவே இதைப் பழக்கமாக்கிக்கொள்பவர்கள், உதவிப் பக்கத்தில் உண்மையாகவே பிழை இருக்கும் நாளில் மாட்டிக்கொள்கிறார்கள். தப்பாக எழுதிய ஒரு சமன்பாடு போன்றவை பிடிஎஃப் ஆகும்போதுதான் வெளியே வரும். க்ரான் கிடங்கின் சோதனை கையேட்டை விட்டுவைப்பதில்லை. அங்கே போய்த் திரும்பிவரும் பேக்கேஜ், வீட்டிலேயே பிடிபட்டிருக்க வேண்டியது.

ஆர் மட்டுமல்ல, லினக்ஸ் உலகில் வேறு பலரும் இதே குறுக்கு வழியில் போனவர்கள்தான். ஒரு மென்பொருளை மூலத்திலிருந்து கட்டும்போது, டெக் இல்லையென்றால் ஆவணங்களை விட்டுவிட்டு மற்றதைக் கட்டிவிடும் ஏற்பாடு பலவற்றில் உண்டு. ஆரையே மூலத்திலிருந்து கட்டினாலும், பிடிஎஃப் கையேடுகளைத் தயாரிக்க முடியாது என்று தொடக்கத்தில் ஒரு வரி எச்சரித்துவிட்டு மேலே போய்விடும். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் திரையில் அந்த ஒரு வரியைப் படிப்பவர் யார்? நிரல் கிடைக்கும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் புத்தகம் கிடைக்காது.

இந்தியாவில் இந்தக் கதைக்கு ஒரு முரண் சேர்கிறது. உலகின் அறிவியல் இதழ்கள் பலவற்றுக்கு டெக்கில் பக்கம் கட்டுபவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இது வளர்ந்த தொழில். கட்டுரை அனுப்புகிறவர்கள் பயன்படுத்த எல்செவியர் பதிப்பகம் தரும் லேட்டெக் வார்ப்புருவே திருவனந்தபுரத்தில் சி.வி. ராதாகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் எழுதியது. இந்திய டெக் பயனாளர் குழு உருவானதும் அந்த நகரில்தான். உலக டெக் பயனாளர் மாநாடு 2002இலும் 2011இலும் அங்கே கூடியது. வெளிநாட்டுப் பேராசிரியரின் சமன்பாட்டுக்கு இங்கே ஒருவர் இடைவெளி சரிசெய்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், சில கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்லூரியில் அந்தக் கருவியின் பெயரே கேள்விப்படாத மாணவர் தன் உதவிப் பக்கத்தை அழித்துக்கொண்டிருப்பார்.

பாடத்திட்டம் இதைத் தொடுவதே இல்லை. ஆர் ஒரு தாள், லினக்ஸ் ஒரு தாள், லேட்டெக் என்றால் கணிதத் துறைக்காரர்கள் ஆய்வேடு எழுதும் சமாசாரம். மூன்றும் ஒன்றோடொன்று உரசும் இடம் எந்தத் தாளிலும் இல்லை. மும்பை ஐஐடியின் ‘ஸ்போக்கன் டுட்டோரியல்’ திட்டம் இந்த இடைவெளியில் கொஞ்சம் வெளிச்சம் போட்டிருக்கிறது. லினக்ஸ், லேட்டெக், ஆர் போன்றவற்றை இந்திய மொழிகளின் குரலில் சிறு சிறு ஒலி-ஒளிப் பாடங்களாகக் கற்றுத்தருகிறது. ஆசிரியர் இல்லாத கல்லூரியிலும் ஹெட்ஃபோன் இருந்தால் போதும்.

கம்ப்யூட்டர் அறைக்குத் திரும்பலாம். அழித்த உதவிப் பக்கங்களைப் பழைய பிரதியிலிருந்து மீட்டு, டைனிடெக்கை நிறுவி, இன்கன்சொலாட்டாவைப் பெயர் சொல்லி அழைத்துவந்தபின் சோதனை மறுபடி ஓடும். இந்த முறை கம்பாசிட்டர் இருக்கிறார், கேஸில் எழுத்தும் இருக்கிறது. இருந்தும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கலாம். பேக்கேஜின் விவரக் கோப்பில் ஆசிரியர் என்ற இடத்தில் மாணவி தன் பெயரைத் தமிழில் எழுதியிருந்தால் பிடிஎஃப்லேட்டெக் அங்கே நின்றுவிடும். இந்த யூனிக்கோடு எழுத்துக்கு லேட்டெக்கில் ஏற்பாடு இல்லை என்று ஆச்சரியக்குறியோடு ஒரு வரி வரும்.

தமிழை அச்சுக்கோக்கத் தெரிந்த டெக் இல்லாமல் இல்லை. ஜோனதன் க்யூ 2004இல் வெளியிட்ட ‘ஸீடெக்’, கம்ப்யூட்டரில் இருக்கும் எந்தத் தமிழ் எழுத்துருவையும் எடுத்துக் கொம்பையும் சுழியையும் இடம் மாறாமல் போடும். பேக்கேஜோடு சேரும் விளக்கக் கட்டுரையை அதைக்கொண்டு முழுக்க முழுக்கத் தமிழிலேயே தயாரித்துவிட முடியும். அச்சான கையேட்டுக்கு மட்டும் ஆர் இன்னும் பழைய கம்பாசிட்டரையே கூப்பிடுகிறது.

மாணவி தன் பெயரை ரோமன் எழுத்தில் மாற்றி எழுதி, மீண்டும் ஓட்டுகிறார். கையேட்டின் பிடிஎஃப் வடிவம்: ஓகே.